மடிப்பு உடைந்த புடவை

என் கடைச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. 'விற்ற பொருள் திரும்ப வாங்கப்பட மாட்டாது.' போளூரில் எழுதச் சொல்லி வாங்கிவந்தது, சிவப்பு எழுத்து. பைப், வயர், குழாய், பல்பு விற்கிறவன் கடையில் அந்தப் பலகை இல்லையென்றால் கடை நடத்த முடியாது. ஒருத்தன் தண்ணீரில்லாத கிணற்றில் மோட்டாரை ஓட்டிக் கருக்கிவிட்டுத் தூக்கிக்கொண்டு வருவான். இன்னொருத்தன் குழாயை மரை தேயும் வரை திருகிவிட்டு, வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்பான். நான் பலகையைக் காட்டுவேன். படிக்கத் தெரியாதவனுக்கு வாயால் சொல்வேன். அதோடு பேச்சு முடிந்தது.

பக்கத்துக் கடை மங்கம்மாளுடையது. துணிக்கடை. அங்கே பலகை கிடையாது. மலைமேல் ஜமுனாமரத்தூரில் ஆலங்காயம் ரோட்டைப் பார்த்தபடி எங்கள் இரண்டு கடையும் ஒரே சுவரை முதுகில் போட்டுக்கொண்டு நிற்கின்றன. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறு சட்டம்.

மங்கம்மாள் மலையிலேயே பிறந்தவள். புருஷன் குடகில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகிறவன். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வருவான். கடை வைக்கிறதுக்கு முன்னால் அவள் துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தவள். சாமையும் புளியும் வாங்கிக்கொண்டு துணி கொடுப்பாள். அந்தப் பழக்கம்தான் கடையிலும் தொடர்கிறது. நான் கேட்டிருக்கிறேன், இப்படித் திருப்பித் திருப்பி வாங்கினால் கடை என்னத்துக்கு ஆகும் என்று. அவள் சொன்னாள், மூட்டைக்காரி இன்றைக்கு விற்ற வாசலுக்கே அடுத்த மாசமும் போய் நிற்கவேண்டும், பலகையைத் தலைமேலா மாட்டிக்கொள்ள முடியும் என்று.

அதற்காக அவளை ஏமாளி என்று நினைத்துவிட வேண்டாம். குறை சொல்லிக்கொண்டு வருகிறவனை முதலில் உட்காரச் சொல்வாள். துணியை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள், பிரிக்க மாட்டாள். அவன் பேசி முடிக்கிறவரை 'ம்' கொட்டுவாள். பாதிப் பேர் பேசி முடித்ததும் தாங்களே துணியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மனுஷனுக்கு எதிராளி இல்லாமல் தனியாகப் பொய் சொல்வது கஷ்டம்.

ஒருதரம் ஒரு ஆள் வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தான். இறுக்கமாக இருக்கிறது, உடம்பிலேயே போடவில்லை என்றான். முடியும்வரை கேட்டாள். பிறகு அந்தச் சட்டைப் பையில் கைவிட்டு இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கையும் எடுத்து அவன் கையில் வைத்தாள். "கல்யாணத்துல குடுத்ததுண்ணா. இதையாவது மெல்லுங்க" என்றாள். அவனே சிரித்துவிட்டான். சட்டையை எடுத்துக்கொண்டு போனான், போகும்போது ஒரு துண்டும் வாங்கிக்கொண்டு போனான்.

இன்னொருதரம் ஒரு கிழவி பாவாடைச் சாயம் போய்விட்டது என்று வந்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்திருப்பாள் என்று நான் சொன்னேன். மங்கம்மாள் அதே கட்டிலிருந்து ஒரு பாவாடையை எடுத்து வெறும் தண்ணீரில் முக்கினாள். தண்ணீர் ரத்தமாக ஆனது. அன்றைக்கே அந்தப் பாவாடை வாங்கின ஊருக்கெல்லாம் பஸ்காரனிடம் சொல்லி அனுப்பினாள், எல்லாரும் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று. கேட்காதவனையும் கூப்பிட்டுத் திருப்பி வாங்குகிற கடையை நான் அங்கேதான் பார்த்தேன். அப்போதும் திட்டினேன். என் திட்டு அவளுக்குப் பக்கத்துக் கடை ரேடியோ மாதிரி.

ஆனால் நான் சொல்ல வந்தது சட்டையும் பாவாடையும் இல்லை. பெண் கேட்கிற புடவை.

எங்கள் பக்கத்தில் ஏழெட்டு ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பையன் வீட்டார் வெற்றிலை, வெல்லத்தோடு மடிப்பு உடையாத புதுப்புடவை ஒன்றை முறத்தில் வைத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவார்கள். அன்றைக்கு யாரும் சரி என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. முகத்துக்கு நேரே இல்லை என்பது மரியாதை இல்லை. முறத்தை வைத்துவிட்டுக் கூழ் குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். பெண் அந்தப் புடவையைப் பிரித்துக் கட்டிக்கொண்டு தன் ஊர்க் கோயிலுக்குப் போய் வந்தால் சம்மதம். இஷ்டமில்லை என்றால் அமாவாசைக்குள் புடவை வந்தபடியே, மடிப்பு உடையாமல், யாராவது ஒருத்தர் கையில் திரும்பி வரும். ஏன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். பையனைப் பெற்றவன் அதை மங்கம்மாளிடம் கொண்டுவந்து கொடுப்பான். அவள் வாங்கிக்கொண்டாள் என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. இரண்டு வீட்டுக்கும் பழி கிடையாது, பையனுக்கு வேறு இடம் பார்க்கலாம்.

போளூர் பெரிய கடையில் போய் இந்த மாதிரித் திருப்பிக் கொடுத்தால் சிரிப்பார்கள். அதனால்தான் அந்த ஏழெட்டு ஊர்க்காரர்களும் மங்கம்மாளிடம் எடுப்பது. மடிப்பு உடைந்தது மட்டும் திரும்பி வரக்கூடாது. பெண் கட்டிக்கொண்ட பிறகு பையன் வீட்டார் பின்வாங்கினால் ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று பதில் சொல்லவேண்டும். பெண்ணே பின்வாங்குவாள் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை, அதனால் அதற்குச் சட்டமும் இல்லை.

போன வருஷம், புளி உலுக்குகிற காலம். ரோடெல்லாம் புளி காய்ந்துகொண்டிருந்தது. நான் டீக்கு மங்கம்மாள் கடையில்தான் உட்காருவேன், அன்றைக்கும் உட்கார்ந்திருந்தேன். பாவாடைத் துணி பார்த்துக்கொண்டு நாலைந்து பெண்கள் இருந்தார்கள். பலாக்கொல்லை வேடியப்பன் வந்தார். அந்த ஊரில் அவர் பேச்சு எடுபடும். பையன் தமிழ்மணி பெங்களூரில் கட்டட மேஸ்திரி. அவனுக்கு நெல்லிமேட்டு சின்னக்குழந்தையின் மகள் அன்பரசியைக் கேட்டுப் போயிருந்தது எல்லாருக்கும் தெரியும். கிளிப்பச்சைப் புடவை, அரக்குக் கரை. மங்கம்மாள் எடுத்துக் கொடுத்ததுதான்.

பையிலிருந்து அந்தப் புடவையை எடுத்து வைத்தார்.

"திரும்பி வந்துட்டுது, மங்கம்மா."

உட்காரச் சொன்னாள். உட்கார்ந்து சொன்னார். பெண்ணோட தம்பி பொழுது சாய வந்து வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான், ஒரு பேச்சும் இல்லை, சரி அவர்கள் இஷ்டம், நமக்கு ஒன்றும் வருத்தமில்லை என்றார். வருத்தம் இருந்தது. முகத்தில் தெரிந்தது. மங்கம்மாள் 'ம்' கொட்டிக்கொண்டே புடவையை மடிக்கு எடுத்தாள். எடுத்த கை நின்றது.

எனக்கும் தெரிந்தது. மில் மடிப்பு காகிதம் மாதிரி விறைப்பாக இருக்கும். இது யாரோ கையால் மடித்து, கனமாக எதையோ மேலே வைத்து அழுத்தின மடிப்பு. மேல் மடிப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொட்டு ஓட்டை, பின்னூசி குத்தினது.

மங்கம்மாள் புடவையை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்தாள்.

வேடியப்பன் எழுந்தார். "வாங்கிக்கினேன்னு சொல்லு, நான் கெளம்பறேன்."

"வாங்கிக்கலண்ணா. இங்க இருக்கட்டும். சந்தைக்கு வாங்க, சொல்றேன்."

அவருக்கு முகம் மாறிவிட்டது. எத்தனை பேர் வீட்டுப் புடவையை வாங்கியிருக்கிறாய், என் வீட்டுப் புடவைக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்டார். பெண்கள் பாவாடைத் துணியை விட்டுவிட்டு இதைப் பார்த்தார்கள். மங்கம்மாள் மடிப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் சாயங்கால பஸ்ஸுக்குள் அது இரண்டு ஊருக்கும் போயிருக்கும். சந்தைக்கு வாங்கண்ணா என்றே திரும்பச் சொன்னாள். இந்த வருஷம் பலாக்கொல்லையில் நடக்கிற கல்யாணத்துக்கெல்லாம் போளூரில் துணி எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவர்.

பெண்கள் போன பிறகு நான் சொன்னேன், அந்த ஆள் முகத்திலேயே புடவையை வீசியிருக்கவேண்டும் என்று. பெண் கட்டியிருக்கிறாள், பையன் பெங்களூரில் வேறு எதையோ பிடித்துவிட்டான், அப்பன் பொய் சொல்லிக் கழற்றப் பார்க்கிறான்.

"பொய்யின்னு உங்களுக்கு யாருண்ணா சொன்னது?"

"பின்னூசி ஓட்டை சொல்லுது."

"ஓட்டை, கட்டினாங்கன்னுதான் சொல்லுது. யாரு கட்டினாங்க, இன்னாத்துக்கு அவுத்தாங்கன்னு சொல்லல."

அவள் புடவையை விற்கிற துணியோடு சேர்க்காமல் அலமாரிக்கு மேலே, வருகிறவன் போகிறவன் கண்ணில் படுகிற மாதிரி வைத்தாள். அப்போதுதான் அவள் மாட்டிக்கொண்ட இடம் எனக்கு விளங்கியது. வாங்கிக்கொண்டால் பெண் வீட்டார் இல்லை என்று சொன்னதாக ஆகும். பெண் ஊர் பார்க்கக் கட்டியிருந்தால் அவள் வீட்டார் பொய்யர்கள் ஆகிவிடுவார்கள், அவளை விட்டுவிட்டுப் பையன் வேறு இடம் பார்ப்பான். வாங்க மாட்டேன் என்றால் வேடியப்பன் பொய்யன் என்று ஆகும், கவுண்டர் முன்னால் நிற்கவேண்டும். எந்தப் பக்கம் தவறினாலும் அதற்குப் பிறகு ஏழெட்டு ஊரும் மங்கம்மாள் கையை நம்பாது. அந்த நம்பிக்கை போனால் கடையில் மிச்சம் இருப்பது வெறும் துணிதான்.

அடுத்து சின்னக்குழந்தை வந்தார். பெண்ணின் அப்பா. ஒல்லி ஆள், குரல் உயராது. நெல்லிமேடு பூராவும் பார்க்க என் பெண் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு காளி கோயிலுக்குப் போனாள், அமாவாசை கழிந்து வெற்றிலை எடுத்துக்கொண்டு போய்ச் சரி என்று சொல்லலாம் என்று இருந்தேன், அதற்குள் நீ எப்படித் திருப்பி வாங்கினாய் என்று கேட்டார்.

"வாங்கலண்ணா. அதோ இருக்குது பாருங்க."

பார்த்தார். கொஞ்சம் மூச்சு வந்தது. அப்படியென்றால் கவுண்டர் முன்னால் வந்து மடிப்பு உடைந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லு, போதும் என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மங்கம்மாள் வேறு ஒன்று கேட்டாள்: உங்கள் வீட்டிலிருந்து இதை எடுத்துக்கொண்டு போனது யார் என்று. அவருக்குத் தெரியவில்லை. பெட்டியில் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். ஊரில் பேச்சு வந்த பிறகு திறந்து பார்த்தால் இல்லை.

"அன்பரசியக் கேட்டீங்களா?"

"அதக் கேக்க இன்னா கீது? கட்டிக்கினு கோயிலுக்குப் போச்சே."

"கேட்டுட்டு வாங்கண்ணா."

அவர் கேட்டாரோ இல்லையோ, சந்தைக்கு முந்தின நாள் அன்பரசியே மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள். பன்னிரண்டாவது படித்த பெண். சாமை அரைத்துப் பை போடுகிற மகளிர் குழு மில்லில் வேலை செய்கிறாள். மெஷினை ஓட்டுவதே அவள்தான். கடைக்குள் வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"அவரு யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு. ஏசத்தான் ஏசுவாரு. நீ உக்காரு" என்றாள் மங்கம்மாள்.

பெண் பேசினாள். புடவை வந்ததிலிருந்து தமிழ்மணி போனில் பேசிக்கொண்டிருந்தான். நல்லவிதமாகத்தான் பேசினான். அதனால்தான் கட்டினாள். கட்டினேன் என்று சொன்ன அன்றைக்குத்தான் அவன் மிச்சத்தைச் சொன்னான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் பெங்களூரில் இருப்பான், இவள் பலாக்கொல்லையில் அவன் அப்பா அம்மாவோடு இருந்து ஆட்டையும் புளிமரத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும், மில் வேலையை விட்டுவிட வேண்டும். இவள் முடியாது என்றாள். அவன் போனை வைத்துவிட்டான். அதை அவன் தன் அப்பனிடம் சொல்லவில்லை. சொன்னால் காரணமும் சொல்லவேண்டி வரும். இவளும் தன் அப்பாவிடம் சொல்லவில்லை. புடவையை மடித்து, அரிசி மூட்டைக்கு அடியில் வைத்து அழுத்தி, தம்பி கையில் கொடுத்துவிட்டாள்.

"கடையில மடிக்கிற மாதிரியே மடிச்சேனே அத்த."

"நல்லாத்தான் மடிச்சிருக்கே. மில்லு வேல போனா இங்க வா."

பெண் சிரிக்கவில்லை. மடிப்பு உடையவில்லை என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், எல்லாம் முடிந்துவிடும் என்று கேட்டாள். மங்கம்மாள் முடியாது என்றாள். உன் ஊரே பார்த்திருக்கிறது, இன்றைக்கு உனக்காக ஒரு பொய் சொன்னால் நாளைக்கு இன்னொரு பெண்ணுக்கு எதிராகச் சொல்லச் சொல்லி ஒருத்தன் வந்து நிற்பான் என்றாள்.

"அப்ப நான் அவனையே கட்டிக்கணுமா?"

"நான் அப்டியா சொன்னேன்? நாளைக்கு ரெண்டு பேரும் வருவாங்க. நீ எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு. வாயி வருமா?"

பெண் எழுந்து ரோட்டோரம் போய் நின்றாள். வரும் என்று சொல்லவில்லை. பஸ் வந்ததும் போய்விட்டாள். எனக்கென்னவோ அவள் வரமாட்டாள் என்றுதான் தோன்றியது. மங்கம்மாளுக்கும் அதே பயம் இருந்திருக்கும்; அன்றைக்குக் கடைப் புடவை ஒன்றை மூன்று தடவை மடித்துப் பிரித்து மடித்தாள்.

சந்தை அன்றைக்கு வேடியப்பன் ஊர் ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். சின்னக்குழந்தை வந்தார், பெண்டாட்டியோடு. கடைசியாக, காய்கறிக் கூடை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அன்பரசி வந்து வாசல் ஓரத்தில் நின்றாள். என் கடையை யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

மங்கம்மாள் புடவையை இறக்கிப் பாயில் வைத்து எல்லார் முன்னாலும் முழுசாகப் பிரித்தாள். பின்னூசி ஓட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். வேடியப்பன் முகத்தைப் பார்த்தேன். அந்த ஆளுக்கு நிஜமாகவே தெரியாது. வாசலில் கிடந்ததைப் பையில் போட்டு எடுத்துவந்தவர், அவ்வளவுதான். நான் அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் தப்பு.

சின்னக்குழந்தை, பார்த்துக்கொள்ளுங்கள், என் பெண் கட்டினாளா இல்லையா என்றார். அவர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நான்தான் கட்டினேன்" என்றாள் அன்பரசி. "நான்தான் திருப்பி அனுப்பினேன். எனக்கு வாணாம்ப்பா."

கூடையைக் கீழே வைத்துவிட்டு மிச்சத்தையும் சொன்னாள். பெங்களூர், ஆடு, மில். தமிழ்மணியைத் திட்டவில்லை. அவன் சொன்னது அவனுக்குச் சரி, எனக்குச் சரிப்படவில்லை என்றாள். சின்னக்குழந்தை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அம்மாக்காரி தரையைப் பார்த்தாள். வேடியப்பனோடு வந்தவர்களில் ஒருத்தன், கட்டின பிறகு வேண்டாம் என்று ஒரு பெண் சொல்லலாமா, இது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டான்.

மங்கம்மாள் அவனைப் பார்த்தாள். "போட்டுப் பாத்துட்டு அளவு சேரலன்னு எத்தினி ஆம்பளைங்க சட்டையக் கொண்ணாந்து குடுத்திருக்கீங்க. நான் வாங்கிக்கலையா? நீ குடுத்ததே ரெண்டு."

வெளியே நின்ற கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

பிறகு வேடியப்பனிடம் திரும்பினாள். "அண்ணா, நீங்க சொன்னது நெசம். பொண்ணு வூட்டுலருந்துதான் திரும்பி வந்துது. சின்னக்குழந்தை அண்ணன் சொன்னதும் நெசம். மடிப்பு ஒடைஞ்சிதான் இருக்குது. ஒடைஞ்சதுன்னு சொல்லியே நான் வாங்கிக்கறேன்."

இதற்கு முன்னால் அவள் அப்படி வாங்கினதே இல்லை. கல்லாவைத் திறந்து அவர் கொடுத்த பணத்தை அவர் கையில் வைத்தாள். வேடியப்பன் அதை எண்ணாமல் மடியில் செருகிக்கொண்டார். அந்த ஊருக்குப் பெரிய மனுஷன், பையனுக்குப் பெண் இல்லை என்று சந்தையிலேயே ஆகிவிட்டது. ஆனால் அவரைப் பொய்யன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அதுவே அவருக்குப் போதுமாக இருந்திருக்கும். சின்னக்குழந்தை தோளைத் தொட்டு, "வா, டீ குடிக்கலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். அன்பரசி கூடையை எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் போனாள். வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. திங்கள்கிழமை மில்லில் மெஷின் ஓடியது, அது தெரியும்.

அந்தப் புடவையை இனி யார் வாங்குவார்கள் என்று நான் கேட்டேன். பெண் கட்டி அவிழ்த்த புடவை, மலையில் ஒருத்தியும் தொடமாட்டாள். நஷ்டம்தான் என்று மங்கம்மாளும் ஒத்துக்கொண்டாள். அடுத்த சந்தைக்கு அவளே அதைக் கட்டிக்கொண்டு வந்து கடையில் உட்கார்ந்தாள். கிளிப்பச்சை அவளுக்கு எடுப்பாக இல்லை, அதையும் சொன்னேன். வந்தவர்கள் எல்லாம் புடவையைப் பார்த்தார்கள், அவள் முகத்தைப் பார்த்தார்கள், தங்களுக்கு வேண்டிய துணியை வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டொரு ஊர்ப் பெரியவர்கள் முணுமுணுத்தார்களாம். அவர்கள் வீட்டுப் பெண்கள் முணுமுணுக்கவில்லை.

என் பலகை இன்னும் அதே இடத்தில்தான் தொங்குகிறது. மோட்டார் தூக்கிக்கொண்டு வருகிறவனை இப்போது உட்காரச் சொல்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியாது.

பலாக்கொல்லைக்காரர்கள் அந்த வருஷம் இரண்டு கல்யாணத்துக்குப் போளூரில்தான் துணி எடுத்தார்கள். ஆனால் ஆடி கழிந்ததும் வேடியப்பன் பெண்டாட்டியோடு வந்து பாயில் உட்கார்ந்தார். தமிழ்மணிக்கு அமிர்திப் பக்கம் ஒரு பெண்ணைக் கேட்கப் போகிறார்களாம். மங்கம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள், பிரிக்காமல். அந்தம்மாள் கரையைத் தடவித் தடவிப் பார்த்தாள். வேடியப்பன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எதுனா குடு மங்கம்மா. கிளிப்பச்ச மட்டும் வாணாம்."